மரத்துக்குள் இருந்த சீனி

சீமெந்துக்குள் சீனி விழுந்தால் அது இறுகாது என்பது எனக்குத் தெரியவந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. அப்போது நாங்கள் அகதிகளாக ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தோம். நானும் என் கணவரும் நாலு வயது மகளும். தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். ஷெல் விழத் தொடங்கிய கிழமையில் எங்கள் வயல் வட்டையில் நெல் கதிர் தள்ளி நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டுத் தோணியில் இக்கரைக்கு வந்தோம். குருக்கள்மடத்துக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடையில், வாவியோரமாக இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களை இருக்கச் சொன்னார்கள்.

மண்டபம் முழுக்கச் சேலைகள். ஒரு குடும்பத்துக்கும் மறு குடும்பத்துக்கும் நடுவே கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிட்டிருந்தோம். வாவிப் பக்கத்திலிருந்து காற்று வந்தால் எல்லாச் சேலைகளும் ஒன்றாக உயரும். உடுப்பு மாற்றும் பெண்கள் அப்படியே குந்திவிடுவார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். முதல் மாதம் நாங்களும் சிரித்தோம். பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

எங்கள் சேலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தனியாக இருந்தாள். பத்தொன்பது வயது. அவளுடைய கணவன் தோணித்துறைக்கு ஓடி வரும் வழியில் ஷெல் பட்டு இறந்துவிட்டான். அவள் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. அதிகம் பேசமாட்டாள். ஒரு நாள் நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னாள்.

"அக்கா, புள்ள பொறக்கக்குள்ள என்னச் சுத்தி ஒரு சுவர் இரிக்கோணும். காத்துக்குப் பறக்காத சுவர். வேற ஒண்டும் வேணாம்."

சேலைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த என் கணவர் அதைக் கேட்டுவிட்டார். மறுநாள் காலை, "பலகை செய்யலாம்" என்றார்.

கலியாணத்துக்கு முன்பு அவர் தெற்கே ஒரு பலகைத் தொழிற்சாலையில் ஏழு வருடம் வேலை செய்தவர். மரத்தைச் சிராய் சிராயாக வெட்டி, பசை கலந்து, அழுத்திப் பெரிய பலகையாக்கும் இடம். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு உடுத்த உடுப்புடன் ஊருக்கு ஓடிவந்தார். பிறகு வேளாண்மைதான். ஆனால் ஒரு மேசையைக் கண்டால், ஒரு கதவைக் கண்டால், விரலால் தட்டிப் பார்ப்பார். எங்கள் கலியாண வீட்டில் மணவறைப் பலகையைக்கூடத் தட்டிப் பார்த்தவர் என்று என் அக்காமார் நெடுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

முகாமில் பசைக்கு எங்கே போவது? ஆனால் கழிப்பறை கட்டக் கொண்டுவந்ததில் ஐந்து பை சீமெந்து மிஞ்சிக் கிடந்தது. அந்த நாளில் சீமெந்து எளிதில் கிடைக்கிற பொருள் அல்ல. ஒரு பை கொண்டுபோவதற்கும் இராணுவத்தின் கடிதம் வேண்டும். ஐந்து பையில் சுவர் கட்ட முடியாது. மரச்சிராயோடு கலந்தால் ஐந்து பையில் நிறையப் பலகை வரும் என்பது அவருடைய கணக்கு. பக்கத்து மரக்காலையில் மாமரத்தையும் தென்னையையும் அரிந்த கழிவு மலைபோலக் குவிந்திருந்தது. அதை அள்ளிக்கொண்டு வந்தார். வகுப்பறையின் பழைய வாங்குப் பலகைகளால் அச்சு அடித்தார். சிராயும் சீமெந்தும் தண்ணீரும் சேர்த்து நான் காலால் மிதித்தேன். அச்சில் கொட்டி மேலே கல்லடுக்கினோம். முகாமில் இருந்த அத்தனை பேரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் அச்சைக் கழற்றினோம். மேலே இறுகினதுபோல்தான் இருந்தது. அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிமிர்த்தினோம். நடுவால் முறிந்தது. முறிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஈரமான பிட்டு உதிர்வதுபோல உதிர்ந்து எங்கள் கால்மாட்டில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் கலைந்தார்கள். அந்தப் பெண் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் உதிர்ந்ததைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கூட்டித் தள்ளப் போனேன். அதற்குள் எறும்பு வந்துவிட்டது. அச்சின் மூலையிலிருந்து வாசற்படி வரை ஒரே நிரை.

கழிப்பறை கட்டிய மேசன் காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர். ஐம்பது வயதிருக்கும்; அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவோம். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் கண்டு பயந்த காலம் அது. அவர் சைக்கிளில் அந்தத் தெருவால் வந்து போவதே பெரிய காரியம். அன்று பின்னேரம் வந்தவர் சைக்கிளைச் சாத்திவிட்டு எங்களிடம் வந்தார். உதிர்ந்ததை எடுத்து விரலால் நசுக்கினார்.

"தம்பி, இதுக்குள்ள சீனி விழுந்திரிக்கு" என்றார்.

"இல்ல காக்கா, சீனி எங்க இரிக்கு இஞ்ச? தேத்தண்ணிக்கே இல்ல."

"ஒரு வீட்டுக்குத் தளம் போடக்குள்ள ஆரோ ஒரு சிரட்ட சீனியக் கொட்டிப்போட்டான். பகையில செஞ்சது. அந்த மூல மட்டும் ஒரு கிழமையா இறுகவே இல்ல. இப்பிடித்தான் கிடந்திச்சு." பிறகு எறும்பு நிரையைப் பார்த்தார். "நீங்க போடல்லாட்டி, மரத்துக்குள்ளதான் இரிக்கு."

என் கணவர் திடீரென்று தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். நான் பயந்துபோனேன். அவர் சிரித்தார்.

"காக்கா, நான் ஒரு மடையன். ஏழு வருசமாக் கண்ணால கண்டனான். அங்க சிராய முதல்ல சுடுதண்ணியிலதான் போடுவாங்க. மண்ணிறத்துல ஒரு தண்ணி இறங்கும். அத வத்தவெச்சிப் பாணியாக்கி மாட்டுத் தீனிக்கு அனுப்புற. பாணியெண்டா இனிப்புத்தானே! அத ஏன் எடுக்கிறாங்க எண்டு ஒரு நாளும் நான் கேக்கல்ல."

"இப்ப கேட்டுட்டீங்கதானே" என்றார் மேசன்.

அடுத்த நாளே தொடங்கினோம். உரப்பைகளில் சிராயை நிரப்பி வாய் கட்டி, கல்லைச் சேர்த்துக் கட்டி, வாவியில் இடுப்பளவு தண்ணீரில் தாழ்த்தினோம். எங்கள் ஊரில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். "ஆத்துல போட்டா ஆறு இனிச்சிடும்" என்று மகள் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நாலு நாள் கழித்து எடுத்து, பாதியாக வெட்டிய தகரப் பீப்பாயில் போட்டு அவித்தோம். மரத்தின் பட்டையையே விறகாக்கினோம். தண்ணீர் முதலில் தேயிலைச் சாயம்போல வந்தது. அதை ஊற்றிவிட்டுத் திரும்ப அவித்தோம். மூன்றாம் முறை நிறம் வெளுத்தது.

முதல் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதலில் கசப்பு. துவர்ப்பு. அதற்கும் பின்னால், எங்கேயோ தூரத்தில், ஒரு இனிப்பு. மாமரச் சிராயில் குறைவு, தென்னையில் கூடுதல். அவரிடம் சொன்னபோது, "தென்னையெண்டா கள்ளுட தாய்தானே, இனிக்காம?" என்றார். அந்த மாதங்களில் அவர் அப்படிப் பேசியது அன்றுதான். அன்று நாங்கள் சந்தோசமாக இருந்தோம். அதை எழுதாமல் விடக்கூடாது.

ஒரு தட்டளவு பலகை செய்து பார்த்தோம். நாலாம் நாள் அவர் அதை மகளின் கையில் கொடுத்து, "எறி" என்றார். அவள் சீமெந்துத் தரையில் எறிந்தாள். உடையவில்லை. மேசன் வந்தபோது அதைக் காட்டினோம். அவர் தட்டிப் பார்த்தார், என் கணவர் தட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் மாறி மாறித் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் நடந்தது. தெருவில் மறுபடி பிரச்சினை வந்து மேசன் வருவது நின்றுபோனது. மரக்காலையும் பூட்டினார்கள். எங்களிடம் நாலு மூட்டைச் சிராய்தான் இருந்தது, அதையும் ஆற்றில் போட்டிருந்தோம். ஒரு அறைக்கு அது போதாது. அந்தப் பெண்ணுக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது.

அக்கரையில் எங்கள் வீட்டு வளவில் ஷெல் பட்டுத் தலை முறிந்த ஒரு தென்னை நின்றது. அதை வெட்டிச் சிராயாக்கிக் கொண்டுவரலாம் என்று அவர்தான் முதலில் சொன்னார். ஆனால் போகத் தயங்கினார். இன்றைக்கு, நாளைக்கு என்று நாலைந்து நாள் தள்ளிப்போனது. அக்கரை போனவர்கள் சிலர் சொன்ன கதைகள் நல்லதாக இல்லை.

ஒரு காலை நான் கேட்டேன். "போறதெண்டாப் போங்களன். அந்தப் புள்ளைக்கு நாள் கிட்டிட்டுது. சொல்லிப்போட்டுச் சும்மா இருக்கிறதா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. கோடாலியை எடுத்தார், மூன்று வெறும் பைகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். "பின்னேரம் வாறன். ஆத்துல கிடக்கிற மூட்டைய நான் வந்து எடுக்கிறன், நீ இறங்காத" என்றார். மகள் நித்திரையில் இருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றார்.

பின்னேரம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

துறைக்குப் போய்த் தோணிக்காரரைக் கேட்டேன். "அக்கரையில இறக்கி விட்டன் புள்ள. கோடாலியத் தோள்ள வெச்சிக்கிட்டு வரம்பால போனவர். மறுகா நான் காணல்ல" என்றார். அக்கரையில் ஊரை விட்டு வராத ஒரு வயசாளி இருந்தார். அவர் சொல்லியனுப்பினார், மதியம் வரைக்கும் எங்கள் வளவுப் பக்கம் மரம் வெட்டும் சத்தம் கேட்டதாம். பிறகு நின்றுவிட்டதாம். யாராவது வந்ததைக் கண்டீர்களா என்று கேட்டதற்கு, தான் வெளியே வரவில்லை என்றாராம்.

ஆறாம் நாள் தோணிக்காரர் என்னை ஏற்றிப்போனார். போக வேண்டாம் என்று முகாமில் எல்லோரும் தடுத்தார்கள். மகளை அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டுப் போனேன். எங்கள் வளவில் தென்னை விழுந்து கிடந்தது. துண்டு துண்டாக்கி, பாதி மரத்தைச் சிராயாக்கியிருந்தார். ஒழுங்கான வேலை, எல்லாச் சிராயும் ஒரே நீளம். இரண்டு பை நிறைந்து வாய் கட்டியிருந்தது. மூன்றாவது பை அரைவாசி. அதன் வாய் திறந்திருந்தது. கோடாலி இல்லை. செருப்பில் ஒன்று மரத்தடியில் கிடந்தது. இரத்தம் இருக்கிறதா என்று நான் தரையெல்லாம் பார்த்தேன். இல்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதுவரை அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோணிக்காரர் பயந்துபோய், "சத்தம் போடாத புள்ள, போவம்" என்றார்.

நிறைந்த இரண்டு பையையும் தோணியில் ஏற்றச் சொன்னேன். அவர் ஏற்றினார். இக்கரை வந்து, மற்ற நாலு மூட்டை கிடந்த இடத்திலேயே இதையும் தாழ்த்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் செய்யவிருந்த வேலை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தேடல். ஊர் விதானையார், அரசாங்க அலுவலகமான கச்சேரி, ஒவ்வொரு இராணுவ முகாம் வாசல். அவருடைய படம் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, கலியாணப் படம். நான் பாதி இருக்கிற படம். அதைக் காட்டினால், "இதில மாலையோட நிக்கிறாரே, இப்ப எப்பிடி இருப்பார்?" என்று கேட்பார்கள். மெலிந்திருப்பார் என்பேன். தாடி இருக்கும் என்பேன். ஒரு இடத்தில் அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் பெயரை எழுதிக்கொண்டு நாளைக்கு வரச் சொன்னார்கள். நாளைக்குப் போனால், இன்னொரு நாளைக்கு வரச் சொன்னார்கள். இப்படியே நாலு கிழமை போனது. மூட்டைகள் ஆற்றிலேயே கிடந்தன.

அந்தப் பெண்ணுக்கு வலி வந்தது ஒரு மதிய நேரம். அன்று தெருவெல்லாம் மறித்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. மண்டபத்தின் மூலையில் பாய் விரித்தோம். ஆண்கள் எல்லோரும் வெளியே மரத்தடிக்குப் போனார்கள். நாலு பெண்கள் நாலு பக்கமும் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் வாவிப் பக்கம் நின்றேன். அன்று பார்த்துக் காற்று. சேலை என் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. கீழ்நுனியைக் கால் பெருவிரலால் மிதித்துக்கொண்டு, மேல்நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு தரம்கூடக் கத்தவில்லை. மண்டபத்துக்கு வெளியே அத்தனை பேர் நிற்பது அவளுக்குத் தெரியும். வலி வரும்போதெல்லாம் என் கணுக்காலை இறுக்கிப் பிடித்தாள்.

பெண் பிள்ளை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை.

ஒரு கிழமை கழித்துச் சித்தாண்டியில் இருந்த அவளுடைய பெரியம்மா ஆள் அனுப்பினார். அவள் புறப்பட்டாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, என்னாலதானே அத்தான் போனவர்?"

நான் சுளகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான்தான் போகச் சொன்னேன், நீ அல்ல என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும். ஆனால் அந்த நேரம் யாராவது ஒருவர் மேல் அந்தப் பாரம் இருக்க வேண்டும்போல் இருந்தது. அது என் மேல் மட்டும் இருக்கக் கூடாது என்று இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

அவளை நான் பிறகு காணவே இல்லை. சமாதான காலத்தில் சித்தாண்டிக்குப் போய் விசாரித்தேன். அந்தக் குடும்பம் வேறெங்கோ போய்விட்டது என்றார்கள். என் வாழ்க்கையில் நான் திருப்பி எடுக்க விரும்புகிற சொற்கள் பல இருக்கின்றன. அதைவிட, சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்தான் அதிகம் வருத்துகிறது.

அவள் போய் ஒரு மாதத்துக்குள் தெருவில் பிரச்சினை ஓய்ந்தது. மேசன் வந்தார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சைக்கிளைப் பிடித்துக்கொண்டே வாசலில் நின்றார்.

"தங்கச்சி, நான் என்னத்தச் சொல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "சிராய் இரிக்கா?" என்று கேட்டார்.

இரண்டு பேருமாக ஆற்றில் இறங்கி மூட்டைகளை எடுத்தோம். பாசி படர்ந்திருந்தது. ஒரு மூட்டைக்குள் சின்ன நண்டுகள் குடியிருந்தன. கிணற்றுத் தண்ணீரில் அலசி, பீப்பாயில் போட்டு அவித்தேன். முதல் தண்ணீரே கிட்டத்தட்ட வெறும் தண்ணீராக வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கொஞ்சம் இருந்தது. இனிப்பு இல்லை. அத்தனை நாள் தண்ணீரில் கிடந்ததில் எல்லாம் கழுவுப்பட்டுப் போயிருந்தது. நான் தேடித் திரிந்த நாளெல்லாம் ஆறு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. அவர் இருந்திருந்தால் நாலாம் நாளே எடுத்திருப்பார், இவ்வளவு நல்ல சிராய் எங்களுக்குக் கிடைத்திருக்காது. அதை நினைத்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பீப்பாயைக் காலால் தள்ளிவிட்டேன். மேசன் சிந்திய சிராயை அள்ளிக் கழுவிப் போட்டார்.

பதினொரு பலகை வந்தது. ஈரச்சாக்கு மூடி, ஒரு மாதம் தண்ணீர் தெளித்தேன். நிமிர்த்தியபோது ஒன்றுகூட உதிரவில்லை. மண்டபத்தின் மூலையில் அதை நிறுத்தி ஒரு அறை செய்தோம். பெண்கள் உடுப்பு மாற்றுவதற்கு, குளித்துவிட்டு வந்து நிற்பதற்கு. அந்த முகாம் இருந்த காலத்தில் அதற்குள் ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒருதரமும் உள்ளே போகவில்லை. சுடுதண்ணீர் வைத்து வாசலில் கொடுப்பேன்.

மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு பிறகும் இரண்டு வருடம் பலகை செய்தேன். ஊறவைத்து, அவித்து, ஊற்றி, திரும்ப அவித்து. கை தன்பாட்டில் செய்யும். மேசன் எப்போதாவது வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவருக்குக் கண் மங்கிய பிறகு வருவது நின்றது. அவர் மௌத்தாகி அடக்கம் செய்யப்பட்டுவிட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது.

ஊருக்குத் திரும்பி, மகள் பத்தாம் வகுப்பு முடித்த வருடம் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் பிள்ளையின் படிப்புக்கு உதவி கிடைக்கும் என்றார்கள். அதுவரை நான் மறுத்துக்கொண்டே வந்தேன். மகள்தான், "எடுப்பம் அம்மா" என்றாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பெயர், வயது, தொழில். தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதினார். நான் திருத்தவில்லை.

"இறந்த காரணம் என்ன எழுத, அம்மா?"

"தெரியா எண்டு எழுதுங்க ஐயா."

"அப்பிடி எழுத ஏலா. ஏதாவது ஒண்டு எழுதத்தான் வேணும்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தானாகவே ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் வாசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பஸ்ஸில் வரும்போது மகள் அந்தக் காகிதத்தை மடித்துத் தன் புத்தகத்துக்குள் வைத்தாள். களுவாஞ்சிக்குடிச் சந்தையில் இறங்கி மீன் வாங்கினோம். வீட்டுக்கு வந்து அவள் மீன் கழுவினாள், நான் தேங்காய் துருவினேன். குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். கை கழுவும்போது அவள் கேட்டாள்.

"அப்பாட குரல் எப்பிடியம்மா?"

சொல்லத் தொடங்கினேன். எனக்கு ஞாபகம் வரவில்லை. அவர் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஒரு சொல் விடாமல். குரல் மட்டும் இல்லை. "மெதுவாத்தான் கதைப்பார்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்ப் பாயை விரித்தாள்.